நந்து மாவைத் தொடாத நாட்கள்

ஜனவரி 6, செவ்வாய்

சிட்டு, பனி. நேற்று கலக்கிவைத்த மாவு எழும்பவே இல்லை. பானைக்குச் சாக்கு சுற்றி, அதற்கு மேல் உன் அத்தானின் பழைய ஸ்வெட்டரும் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. இட்லி கல் மாதிரி. அத்தான் சைக்கிளில் மாட்டுங்கா முழுக்கச் சுற்றிவிட்டுப் பாதியைத் திருப்பிக் கொண்டுவந்தார். "இத எவன் மேலயாவது எறிஞ்சா கேஸ் ஆயிரும்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அரிசிக் கடையில் இந்த டைரியைக் கொடுத்தார்கள். மேலே தேதி இந்தியில். கீழே என் தமிழ், அஞ்சாவதோடு நின்ற தமிழ். நந்துவுக்கு இந்திப் பள்ளிக்கூடம், தமிழ் படிக்க வராது. அதனால் பயமில்லாமல் எழுதலாம். அவள் எழுதுவது எனக்குப் புரியாது, நான் எழுதுவது அவளுக்குப் புரியாது. இருப்பது ஒரே அறைக்குள்.

உன் மகள் என்னிடம் வந்து நாலு மாசம். உன் பதினாறாம் நாளில் உன் வீட்டுக்காரன் முருகன், அவன் அக்கா பாக்கியம், அவர்கள் ஊர் கல்யாணிலிருந்து ஒரு மணி நேரம் ரயிலில் வந்த பெரியவர்கள் எல்லாரும் இங்கேதான் உட்கார்ந்து பேசினார்கள். "பிள்ள பெரியவளாகுற வரைக்கும் பெரியம்மாட்ட இருக்கட்டும். ஆயிட்டான்னா தகப்பன் வீட்டுக்கு வந்துரணும். சடங்கு எங்க வீட்டுல." நான் தலையாட்டினேன். பன்னிரண்டு வயசுதானே, எவ்வளவோ நாள் கிடக்கிறது என்று நினைத்தேன்.

இன்று அவள் பையில் பார்த்தது:
கணக்கு நோட்டு.
உடைந்த காம்பஸ்.
பாதி தின்ற கடலைச் சிக்கி.
உன் போட்டோ, ரேஷன் கார்டுக்கு எடுத்தது.
காலி பிளாஸ்டிக் பை ஒன்று, நாலாக மடித்தது. இது எதுக்கு?

இன்னொன்று. போன மாசத்திலிருந்து தன் துணியைத் தானே துவைக்கிறாள். நான் வாங்கப் போனால், "சோடோ நா, விடுங்க பெரிம்மா, நான் பாத்துக்கிடுதேன்." பக்கத்து வீட்டுப் பூமயில் பார்த்துவிட்டு, "குடுத்து வச்சவட்டி நீ" என்றாள். ஒரு குடம் தண்ணீர் தூக்க முக்குகிற பிள்ளைக்குத் திடீரென்று எங்கிருந்து இந்தப் பொறுப்பு? ஏதோ இருக்கிறது.

ஜனவரி 8, வியாழன்

என் மூணு நாள். மாவைத் தொடவில்லை. தொட்டால் கெட்டுப்போகும் என்பாள் அம்மா. நம் வீட்டில் யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. நந்துவுக்கும் வந்த புதிதிலேயே சொல்லி வைத்துவிட்டேன், இட்லிக்காரி வீட்டில் இதுதான் முதல் பாடம் என்று.

இன்று நந்து கலக்கினாள். அவளுக்கு உன் கை. சூட்டுக் கை. உப்பைப் போட்டு நாலு சுற்று சுற்றினால் போதும், பனியிலும் மாவு எழும்பும். என் கைக்கு அது அசையாது.

அவள் பையைப் பார்க்கக் கூடாது என்று காலையில் முடிவு. அவள் சந்துக்கே பொதுவான கக்கூஸுக்கு, சண்டாஸ் வரிசைக்குப் போனதும் பார்த்துவிட்டேன். அத்தான் பல் விளக்கிக்கொண்டே, "நீ இட்லி சுட வந்திருக்கவே கூடாது. போலீசுக்குப் போயிருந்தா இந்நேரம் குர்லாவுல இன்ஸ்பெக்டர்" என்றார்.

நான் ஏன் இப்படி ஆனேன் என்று உனக்குத் தெரியும். அன்றைக்குப் போனில், "ஒண்ணுமில்லக்கா, சாதாரணக் காய்ச்சதான்" என்றாய். நம்பினேன். இரண்டு ஸ்டேஷன் தள்ளி இருக்கிற மாதிரி, நாளைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று இருந்தேன். வந்து பார்த்தபோது உன் கண் முழுக்க மஞ்சள். ஒன்பதாம் நாள் நீ இல்லை. அதற்குப் பிறகு யார் "ஒண்ணுமில்ல" என்றாலும் என் காது நிமிர்ந்துகொள்கிறது. உன் மகள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். நமக்கு இந்த வருசம் இல்லை. வாசல் கழுவியதோடு சரி. வெளியே தொண்ணூறடி ரோடு முழுக்க அடுப்பு, புகை, மைக் சத்தம்.

பூமயில் சந்துக்குள்ளேயே பானை வைத்தாள். "ஏட்டி நந்து, வா, அரிசிய நீ போடு. ஒங்க வீட்டுலதான் இல்ல, எங்க வீட்டுல போடலாம்லா."

நந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "வேண்டாம் ஆன்ட்டி. தலவலி."

"அரிசி போடதுக்குத் தலையா வேணும்? கைதான?"

வரவே இல்லை. சாமி படம் இருந்த பக்கம்கூட எட்டிப் பார்க்கவில்லை. பூமயிலுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏளா பேச்சி, ஒம் பிள்ளைக்கு எங்க பானைன்னா எளக்காரமோ?"

சாயந்திரம் மாவு கலக்கக் கூப்பிட்டேன். கையில் வெடிப்பு, எரிகிறது என்றாள். விரித்துப் பார்த்தேன். வெடிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. அத்தான் கலக்கினார்.

ஜனவரி 18, ஞாயிறு

நேற்று வரை கை எரிகிறது என்றாள். மூணு நாள் பானைப் பக்கம் வரவில்லை. இன்று நான் கூப்பிடாமலே வந்து முழங்கை வரை விட்டுக் கலக்குகிறாள், ஏதோ இந்திப் பாட்டு முணுமுணுப்பு வேறு. மூணு நாள் எரிந்த கை நாலாம் நாள் எப்படி ஆறியது? குறித்து வைக்கிறேன்.

கடுகு தீர்ந்துவிட்டது. கிரைண்டர் பெல்ட் கத்துகிறது.

ஜனவரி 25, ஞாயிறு

முருகன் வந்தான். கையில் ஆரஞ்சு. கூடவே பாக்கியம். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நந்துவைப் பார்ப்பதே இல்லை, அவளுக்கு உன் முகம்.

பாக்கியம்தான் பேசினாள். "வார வியாழக்கிழம, கோயில்ல வச்சு, சிம்பிளா. இவனுக்கும் சோறு பொங்கிப் போட ஒரு ஆளு வேணும்லா மதினி."

அஞ்சு மாசம், சிட்டு. நான் டம்ளர் கழுவ எழுந்தேன். கழுவியதையே கழுவினேன்.

நந்து மூலையில் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அழவில்லை. ஒரு கேள்வி இல்லை. முன்னாலேயே தெரியுமோ? யார் சொன்னது?

கிளம்பும்போது பாக்கியம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "பிள்ள நல்லா வளந்துட்டாளே. ஆயிட்டான்னா ஒடனே போன் வரணும், என்ன. தண்ணி ஊத்துத உரிமை எனக்குத்தான்." பிறகு நந்துவிடம், "அங்க வீட்டோட பாத்ரூம் இருக்குட்டி. இங்க மாதிரி டப்பாவத் தூக்கிட்டு வரிசையில நிக்க வேண்டாம்."

நந்து லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு?

ஜனவரி 30, வெள்ளி

நேற்று முருகனுக்குக் கல்யாணம். நாங்கள் போகவில்லை. கூப்பிட்டார்கள் என்று சொல்ல முடியாது.

சந்து முனையில் நந்து என் போனில் பேசிக்கொண்டிருந்தாள். முதுகுப் பக்கம் போய் நின்றேன்.

"இல்ல அத்த... இன்னும் இல்ல... சத்தியமா... ஹாங், ஆனதும் நானே சொல்லுதேன்."

திரும்பினாள். என்னைப் பார்த்ததும் போனை நீட்டிவிட்டாள்.

"என்ன கேட்டா ஒங்க அத்த?"

"ஒண்ணுமில்ல பெரிம்மா."

எனக்கா தெரியாது? பெரியவளாகிவிட்டாயா என்று கேட்கிறாள். இவளும் ஆனதும் நானே சொல்கிறேன் என்கிறாள். அவ்வளவு அவசரமா போவதற்கு? வீட்டோட பாத்ரூம் இழுக்கிறதா? நாலு மாசமாக நான் ஊட்டியது, எண்ணெய் வைத்தது, கணக்கு டீச்சரிடம் போய் நின்றது எல்லாம் ரயிலுக்குக் காத்திருக்கிறவளுக்குத்தானா?

ஒன்று மட்டும் நிம்மதி. ஒரே அறை, ஒரே சண்டாஸ் வரிசை. என் கண்ணுக்குத் தெரியாமல் இந்த வீட்டில் எதுவும் நடக்காது.

பிப்ரவரி 4, புதன்

எழுத்து கோணலாக வருகிறது.

உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மாசத்துக்கு ஒரு தடவை திறப்பேன், காற்றுப் பட. நீல வாயில் சேலையை இன்றுதான் உதறிப் பிரித்தேன். முதல் தீபாவளிக்கு முருகன் தானே போய் எடுத்துவந்தது, ஆஸ்பத்திரிக்கு நீ உடுத்திக்கொண்டு போனது. துவைத்து வைத்தும் அதில் உன் வாசம் இருக்கிறது, அல்லது இருக்கிற மாதிரி எனக்கு.

முந்தானைக்கு எதிர்ப் பக்கம் வெட்டியிருக்கிறது. கத்தரியால். நேராக. இரண்டு முழத்துக்கு மேல்.

எலி இல்லை. எலி கோடு போட்டு வெட்டாது. பூமயில் இல்லை, சாவி என் இடுப்பில். குளிக்கும்போது அதைக் கழற்றி வைக்கும் இடம் தெரிந்தது ஒருத்திக்குத்தான்.

பிறகு இன்னொன்று தோன்றியது, எழுதவே கூசுகிறது. கல்யாணில் புதிதாக வந்தவள் பயந்திருப்பாள். செத்தவள் சேலையில் ஒரு துண்டு கேட்டிருப்பார்கள், எதையாவது மந்திரித்துக் கட்ட. பாக்கியம் அதைச் செய்யக்கூடியவள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேட்டேன். "சேலைய யாருக்கு வெட்டிக் குடுத்த?"

"தெரியாது."

"ஒங்க அத்த கேட்டாளா?"

"ஒண்ணுமில்ல பெரிம்மா..."

அடித்துவிட்டேன். கன்னத்தில். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். அழவில்லை.

அத்தான் சாப்பிடாமல் எழுந்து போனார். போகும்போது, "சிட்டு இருந்தா அடிச்சிருப்பாளா?" என்று மட்டும் கேட்டார்.

பிப்ரவரி 6, வெள்ளி

நீயும் அடித்திருப்பாய். நீ அடித்தால் அவளுக்குத் திரும்பி உன் மடியிலேயே விழ இடம் இருந்தது. நான் அடித்தால் எங்கே போவாள்?

இரண்டு நாளாகத் தேவைக்கு மட்டும் பேச்சு. சோறு போடட்டுமா. போதும். குடை எடுத்தியா. மழையே இல்லையே.

பிள்ளை பெற்றவர்களுக்கு முதலில் ஒரு கைக்குழந்தையைக் கொடுத்து, பேசத் தெரியாததாகக் கொடுத்து, மெதுவாகப் பழக்குகிறார்கள். எனக்கு நேராகப் பன்னிரண்டாம் வகுப்பில் பரீட்சை. படிப்பு வராதவள் நான்.

இன்று முதல் அவள் பையைத் தொடுவதில்லை. டைரியில் எழுதிவிட்டால் செய்வேனோ என்னவோ.

பிப்ரவரி 12, வியாழன்

பையைத் தொடாத நாள்: நாலு. நடுவில் இரண்டு நாள் தோற்றேன்.

இன்று மறுபடி அதே கதை. மாவு கலக்கக் கூப்பிட்டால், "இன்னிக்கு வேண்டாம் பெரிம்மா."

"ஏன்? கை வெடிப்பா?"

"ஒண்ணுமில்ல."

அத்தானுக்குத் தோள் வலி. நாளைக்கு ஒரு கல்யாண வீட்டு ஆர்டர் இருக்கிறது, என் கையை நம்ப முடியாது. அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பானைக்குள் விட்டேன். "கலக்குட்டி. போறதுக்கு முன்னால இதையாவது செஞ்சுட்டுப் போ."

அழுதாள், சிட்டு. நீ போன அன்றைக்குப் பிறகு இப்போதுதான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கலக்கினாள். "கெட்டுப்போனா என்னத் திட்டக் கூடாது" என்றாள்.

"ஒன் கைக்குக் கெடாது" என்றேன். கோபத்தோடுதான் சொன்னேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு எழும்பி நின்றது. தரையெல்லாம் வழிந்து கிடந்தது. இந்தப் பனிக்காலத்தில் இப்படி ஒரு மாவு நான் பார்த்ததில்லை. மாட்டுங்கா மாமி ஒருத்தர் அத்தானை நிறுத்தி, "இன்னிக்கு என்ன போட்டேள்? பூவா இருக்கே! நாளைக்கும் இதே மாவுன்னா பத்து கூடப் போடுங்கோ" என்றாராம்.

நந்துவிடம் சொன்னேன். சந்தோசப்படுவாள் என்று பார்த்தால் பானையையே வெறித்துப் பார்த்தாள். "கெடலையா? நிஜமா கெடலையா?" இரண்டு தடவை கேட்டாள். விளங்கவில்லை இந்தப் பிள்ளை.

பிப்ரவரி 21, சனி

பையைத் தொடாத நாள்: எட்டு. தொடர்ந்து எட்டு.

எட்டும் சும்மா வரவில்லை. கை அந்தப் பக்கம் போகும். உடனே உளுந்து களைய உட்கார்ந்துவிடுவேன். ஒரு நாள் களைந்த உளுந்தையே மூணு தடவை களைந்தேன். அத்தான், "தண்ணி வார ரெண்டு மணி நேரத்துல இது வேறயா" என்றார்.

இன்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நந்து தானாக வந்து உட்கார்ந்தாள். கணக்கில் பெயில், டீச்சர் பெஞ்ச் மேல் நிற்கவைத்தாள் என்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததால்தான் சொன்னாள் போல. வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தேன், தேவைக்கு மேல் நாலு நறுக்கினேன், பேச்சு நின்றுவிடக் கூடாதே என்று.

"ஒங்களுக்குக் கணக்கு வருமா பெரிம்மா?"

"எனக்கு அஞ்சாப்போட எல்லாம் போயிட்டு."

"அப்ப நாம ரெண்டு பேரும் பெயில்."

நாம ரெண்டு பேரும் என்றாள். எழுதி வைக்கிறேன்.

சேலையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. நானும் மறக்கவில்லை. பெட்டிச் சாவியை இடம் மாற்றியிருக்கிறேன். மாறிவிட்டேன் என்று பொய் எழுத வரவில்லை.

மார்ச் 11, புதன்

வெயில் ஆரம்பித்துவிட்டது. இனி மாவு யார் கைக்கும் எழும்பும்.

நந்து, "இன்னிக்கு நீங்க கலக்குதீங்களா பெரிம்மா?" என்றாள். முகம் வெளுத்து இருந்தது. ஏன் என்று வாய் வரை வந்தது. விழுங்கினேன். நானே கலக்கினேன். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 12, வியாழன்

தேடவில்லை சிட்டு, சத்தியமாகத் தேடவில்லை. இட்லித் தட்டு ஒன்று நசுங்கிவிட்டது, மாற்றுத் தட்டு எடுக்க மரத்தட்டில் ஏறினேன். தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் பை. நாலாக மடித்தது. உள்ளே உன் நீலச் சேலை. பட்டை பட்டையாகக் கிழித்து, துவைத்து, ஈரத்தோடு மடித்து வைத்திருக்கிறாள். எவ்வளவு தேய்த்தும் போகாத கறை.

இறங்கி வந்து டைரியைத் திருப்பினேன். ஜனவரி 15, 16, 17. பிப்ரவரி 12. மார்ச் 11. எல்லாம் நானே எழுதி வைத்திருக்கிறேன். இன்ஸ்பெக்டர். துணியைத் தானே துவைக்க ஆரம்பித்தது டிசம்பரில். அப்படியென்றால் நாலு தடவை. ஒரு வார்த்தை இல்லாமல், யாரிடமும் ஒரு பஞ்சு கேட்காமல், அந்தச் சண்டாஸ் வரிசையில் டப்பாவுக்குள் துணியை ஒளித்துக்கொண்டு.

மாவைத் தொடாதே என்று நான் சொன்னதை எனக்குத் தெரியாமலே காப்பாற்றியிருக்கிறாள். அவளைத்தான் மணிக்கட்டைப் பிடித்துப் பானைக்குள் விட்டேன்.

எதற்கு மறைத்தாள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பதினாறாம் நாள் பெரியவர்கள் பேசியபோது அவள் அடுப்புக்குப் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "ஆயிட்டான்னா வந்துரணும்." காதில் விழாமலா இருக்கும்? கல்யாணில் வீட்டோட பாத்ரூம். அதை விட்டுவிட்டு இந்த வரிசை. நான் அடித்த பிறகும் இந்த வரிசை.

துணி வேண்டும் என்றதும் உன் பெட்டிக்குப் போயிருக்கிறாள். என்னிடம் வரவில்லை, உன்னிடம் போயிருக்கிறாள். சரிதான்.

அவளை எழுப்பிக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று இருந்தது. உடனே. அப்போது உன் ஞாபகம். உனக்கு வந்த அன்று நீ முதலில் சொன்னது என்னிடம். "அக்கா, ஒரு நா பொறு. நாளைக்கு ஸ்கூல்ல டான்ஸ் இருக்கு. அது முடிஞ்சதும் நானே அம்மாட்ட சொல்லுதேன்." நான் பொறுத்தேனா? அடுத்த நிமிசம் அம்மாவிடம் ஓடினேன். உன்னை ஓலைக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். டான்ஸ் போயிற்று. பள்ளிக்கூடமும் அதோடு போயிற்று.

பையை இருந்த இடத்தில் வைத்தேன். இந்தத் தடவை பொறுக்கிறேன்.

மார்ச் 13, வெள்ளி

சயானில் ரயில் ஏறி குர்லா போய் நாப்கின் பாக்கெட் வாங்கினேன். இங்கே கடையில் கேட்டால் சாயந்திரத்துக்குள் பூமயிலுக்குத் தெரியும். பூமயிலுக்குக் கல்யாணில் ஒரு நாத்தனார். பேப்பரில் சுற்றச் சொன்னேன். திரும்பும்போது ரயிலில் எல்லாரும் என் பையையே பார்க்கிற மாதிரி. நந்து நாலு மாசமாக இப்படித்தான் நடந்திருப்பாள்.

அவள் பாய்ச் சுருளுக்குள் வைத்தேன்.

மத்தியானம் பள்ளிக்கூடம் கிளம்புமுன் பாயை எடுத்து வைக்கப் போனாள். போனவள் திரும்பி நின்றாள். நான் கிரைண்டருக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

சாயந்திரம் மாவு தயார். மூணாம் நாள். கேட்டேன்: "கலக்குதியாட்டி?"

கிரைண்டர் பெல்ட் மட்டும் கத்தியது.

"கலக்கலாமா பெரிம்மா?"

"அன்னைக்கு நல்லாத்தான எழும்புச்சு."

கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். முழங்கை வரை விட்டாள். நானும் எதிரே உட்கார்ந்து உப்பு போட்டேன். அம்மா பார்த்திருந்தால் இரண்டு பேரையும் பானையோடு வெளியே தள்ளியிருப்பாள்.

மார்ச் 14, சனி

மாவு எழும்பியது. கெடவில்லை.

பாக்கியம் போன். நாளைக்கு வருகிறார்களாம். "எனக்கு என்னமோ சந்தேகமாவே இருக்கு மதினி. பதிமூணு ஆகப்போகுது. நேர்ல வந்து பாக்கேன்." அவளுக்கும் சந்தேகமாம். உலகத்தில் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

நந்துவிடம் வேறொன்றும் சொல்லவில்லை. இதை மட்டும் சொன்னேன்: "ஈரத்தோட மடிச்சு வைக்கக் கூடாது. வெயில் படணும். இல்லன்னா புண்ணு வரும்."

நிமிர்ந்து பார்த்தாள். "ஒங்களுக்கு எப்பத்துலருந்து தெரியும்?"

"எனக்கு என்ன தெரியும்? ஒண்ணுமில்ல."

சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவளாகவே சொன்னாள். டிசம்பரில், இந்தி டெஸ்ட் அன்றைக்கு. ஸ்கர்ட்டில் மை கொட்டிவிட்டது என்று டீச்சரிடம் சொன்னாளாம். சேலையை வெட்டும்போது "ஸாரி மம்மி" என்று சொல்லிவிட்டுத்தான் வெட்டினாளாம்.

"என்னட்ட ஏன் சொல்லல?"

"நீங்க தலையாட்டிட்டீங்கல்லா. அன்னைக்கு. எல்லார் முன்னாலயும்."

எட்டு நாள், பத்து நாள் என்று பையைத் தொடாததை எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் என் ஒரு தலையாட்டலை ஆறு மாசமாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நேற்றுகூட அவள் பைப் பக்கம் கை போனது. திறக்கவில்லை. தூசி தட்டி வைத்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

காலையிலேயே நல்ல வெயில். அந்தத் துணிகளை நானே அலசி, வாசல் கயிற்றில் போட்டு, மேலே அவள் பள்ளிக்கூட ஸ்கர்ட்டைப் போட்டு மூடினேன். காய்ந்ததும் எடுக்கலாம் என்று உள்ளே வந்தேன். ஆர்டர் வேலையில் மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன், சிட்டு.

பதினோரு மணிக்கு முருகனும் பாக்கியமும். ஆரஞ்சு. பாக்கியம் கதவுக்கு நேராக உட்கார்ந்தாள். அவள் தலைக்கு மேலே, வெளியே, அந்தக் கயிறு. காற்றில் ஸ்கர்ட் ஒரு பக்கம் ஒதுங்கி, நீல ஓரம் நாலு விரல் தெரிகிறது. எழுந்து போனால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். போகாவிட்டால் பாக்கியம் தானாகத் திரும்புவாள். பூமயில் வேறு தன் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டு, காது முழுக்க இங்கே.

பாக்கியம் சுற்றி வளைக்கவில்லை. "என்ன மதினி, இன்னும் ஒண்ணும் இல்லையா?"

நந்து என்னைப் பார்த்தாள். அன்றைக்குத் தலையாட்டியபோதும் இப்படித்தான் பார்த்திருப்பாள், நான்தான் பார்க்கவில்லை.

"இல்ல" என்றேன்.

"நெசமா? எங்க வீட்டுல இந்த வயசுல எல்லாருக்கும் ஆயிட்டே."

"எங்க வீட்டுல லேட்டு. இவ அம்மைக்குப் பதினாலு." பொய். உனக்குப் பன்னிரண்டு.

பாக்கியம் விடுவதாக இல்லை. வெளியே திரும்பாமலே குரல் கொடுத்தாள். "ஏ பூமயிலு, நீ சொல்லு. ஒனக்குத் தெரியாம இருக்காதே."

பூமயில் கீரையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு சந்து முழுக்கக் கேட்டது. "நல்லா கேட்டியே! இந்தப் பேச்சி கண்ணுக்குத் தப்பி ஒரு எறும்பு அந்த வீட்டுக்குள்ள போவுமா? பிள்ள பென்சில் சீவுனாகூட எத்தன சீவுன்னு எண்ணுதவ. ஆயிருந்தா இவ மொதல்ல மைக் போட்டுலா சொல்லியிருப்பா."

அத்தானும் சேர்ந்துகொண்டார். "அதச் சொல்லு. போலீஸ் ஸ்டேஷன்லதான் நான் குடியிருக்கேன்."

பாக்கியமும் சிரித்துவிட்டாள். நம்பிவிட்டாள். இவ்வளவு வருசமாக நான் சேர்த்துவைத்த கெட்ட பேர் இன்று சோறு போட்டது.

டீ குடித்தார்கள். பரீட்சை முடியட்டும், அப்புறம் பேசலாம் என்றாள். நந்து டம்ளரை வாங்கப் போகும்போது அவள் விரல் என் முதுகில் பட்டது. தெரியாமல் பட்டதா? இல்லை.

பாக்கியம் முன்னால் இறங்கிப் பூமயிலிடம் கீரை விலை கேட்டுக்கொண்டு நின்றாள். முருகன் பின்னால் வந்தான். வாசலில் குனிந்து செருப்பை மாட்டினான். நிமிர்ந்தான். கயிற்றுக்கு நேரே.

அந்த நீலத்தை எடுத்துவந்தவன் அவன்தானே. எந்தக் கடை, எந்தத் தீபாவளி, உடுத்தியதும் நீ எப்படித் திரும்பி நின்று காட்டினாய் எல்லாம் அவனுக்குத் தெரியும். கயிற்றையே பார்த்தான்.

பிறகு கையை நீட்டி ஸ்கர்ட்டை இழுத்தான். ஓரம் முழுக்க மறைகிற மாதிரி. கிளிப்பையும் கழற்றி, சரியாக நகர்த்தி, மாட்டினான். உன்னோடு இருந்த அத்தனை வருசத்தில் ஒரு துணியை மடித்து நான் பார்க்காத மனுசன்.

"காத்து அடிக்கு மதினி" என்றான். உள்ளே நின்ற நந்துவை முதல் தடவையாக நேராகப் பார்த்தான். "வாரேன்ட்டி" என்றான். தன் அக்காவைக் கையைப் பிடித்து வேகமாக ஸ்டேஷன் பக்கம் கூட்டிப் போனான்.

சிட்டு, உனக்குத்தான் அவனைத் தெரியும். தெரிந்துதான் மூடினானா?